ஸ்பிரிங் எந்தப் பக்கம்

ப்ளூம்ஃபொன்டைன். ஜூலை. மூன்று மணி பத்து.
வெளியே மைனஸ் ஆறு.
பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்து சிஸ்டர் மொஃபொகெங்:
"வால்வு திறந்திருக்கிறது என்கிறது உங்கள் கம்ப்யூட்டர்.
என் மூக்கு நம்பவில்லை."

போர்வைக்குள்ளேயே லேப்டாப்பைத் திறக்கிறேன்.
அறை பதினாறு. வால்வு நூறு.
அந்த நூறு வால்வின் நிலை அல்ல,
வால்வுக்கு நாங்கள் இட்ட கட்டளை.
சொன்னதும் நடந்ததும்
திரையில் ஒரே பச்சை.

வண்டிக் கண்ணாடியின் உறைபனியை
வங்கி அட்டையால் சுரண்டிப் புறப்பட்டேன்.
இரண்டிலிருந்து நாலரை வரை லோட் ஷெடிங்,
தெருவே இல்லாதது போல் ஒரு தெரு.
ஆஸ்பத்திரியில் மட்டும் ஜெனரேட்டர் உறுமல்.
பாய்லர் எரிகிறது, பம்பு ஓடுகிறது,
விசிறி ஊதுகிறது
குளிர்காற்றை, கடமை தவறாமல்.

கூரைப் பலகையைத் தள்ளித் தலையை நுழைத்தால்
டார்ச் வெளிச்சத்தில் ஒரு சின்னப் பெட்டி,
ஊசி பூஜ்யத்தில்.
வால்வுக்கு இந்தப் பக்கம் குழாயில் கை வைக்க முடியவில்லை.
அந்தப் பக்கம் தவளை.

இருபத்துநாலு வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை யாரோ
காபி மிஷினோடு சேர்த்து மாட்டியிருக்கிறார்கள்,
'அவசரமற்றவை' என்று எழுதிய பலகையில்.
மின்சாரம் போனதும்
உள்ளே முறுக்கி வைத்திருந்த ஸ்பிரிங்
தனக்குத் தெரிந்ததைச் செய்தது:
மூடியது.

ஏணியைப் பிடித்திருந்த தபீசோ கேட்டான்,
"மூடு என்று அதற்கு யார் சொன்னது?"

ஒப்படைப்புத் தாளைப் புரட்டினோம்.
ஓட்ட நேரம் நூற்றைம்பது நொடி, சரி.
சும்மா அலைந்து கியர் தேயாமலிருக்க அரை டிகிரி இடைவெளி, சரி.
கோடையில் இறுகிவிடாதிருக்க
வாரம் ஒருமுறை முழுதாகத் திறந்து மூடல், சரி.
மின்தடையின்போது நிலை: சரி.
என்ன நிலை என்று இல்லை. வெறும் சரி.
கீழே கே. படையாச்சி.
அந்த இரட்டை அடிக்கோடு என்னுடையது.

நினைவிருக்கிறது அந்த வெள்ளிக்கிழமை.
ஐந்து மணிக்குள் முப்பத்தெட்டு வால்வுகள்.
ஒன்று விடாமல் சோதித்தேன்,
மின்சாரம் இருக்கும்போது.

தபீசோ ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்பேனரை நீட்டினான்.

திருகைத் தளர்த்திப் பெட்டியைக் கழற்றி
முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன்.
இனி, போனால் திறக்கும்.
"திறந்தே கிடந்தால் வெந்துவிடாதா?"
வேகும்.
அதற்குத்தான் காற்றுக்குழாயில் ஒரு தெர்மோஸ்டாட்;
நாற்பதைத் தொட்டால் பம்பை நிறுத்தும்,
கம்ப்யூட்டரைக் கேட்காது,
என்னையும் கேட்காது.

டிரான்ஸ்ஃபார்மரை ஜெனரேட்டர் பலகைக்கு மாற்றி
ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு
உயிர் கொடுத்து
கட்டளையைப் பூஜ்யமாக்கி, ஊசி மூடும்வரை நின்று
பிரேக்கரை நானே கீழே தள்ளினேன்.
இரண்டு வருஷத்துக்கு முன் தள்ளியிருக்க வேண்டியது.
நறநறவென்று இருபது நொடி.
ஊசி நூறில் போய் முட்டியது.
தவளைப் பக்கத்தில் வைத்த கையைக்
கொஞ்ச நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தது.

கீழே பதினொரு குழந்தைகள்,
அம்மாக்களின் மார்பில், நர்ஸுகளின் கார்டிகனுக்குள்.
சிஸ்டர் மொஃபொகெங்கின் ஜிப்புக்கு மேலே
ஒரு கம்பளிக் குல்லா மட்டும் தெரிகிறது.
மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.
தலையாட்டவில்லை. ஜிப்பை இறக்கவுமில்லை.
"மற்ற அறைகள்?" என்றார்.

முப்பத்தேழு.
தபீசோ ஏணியை அதற்குள் தோளில் ஏற்றிவிட்டான்,
கதவு எண் கேட்கிறான்.