தொண்ணூற்று நான்கு விழுக்காடு

மூன்று முறை இருமுங்கள் என்பேன்.
முதல் இருமல் எல்லோருக்கும் பொய்.
தொண்டையைச் செருமி, என் முகம் பார்த்து,
புகைப்படத்துக்குச் சிரிப்பதுபோல் இருமுவார்கள்.
இரண்டாவதில் கொஞ்சம் வெட்கம்.
மூன்றாவதுதான் நெஞ்சிலிருந்து வரும்.
சிலருக்கு அது மூன்றோடு நிற்காது.
கைபேசியை நீட்டியபடி நான்
சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெருலம் மருந்தகத்தின் பின்புறம்
வெள்ளையடித்த பழைய சரக்குப் பெட்டகம்.
கூரையில் குரங்குகள்.
சுவரில் ஒரு துளை, துளையில் ஒரு விசிறி,
கிருமியை வெளியே தள்ள.
அதன் ஒரு சிறகு வளைந்திருந்தது.
டக்-டர்ர். டக்-டர்ர்.
சளியில் காசம் உறுதியானவர்களை
அங்கேதான் உட்கார வைப்போம்.
மற்றவர்களுக்குத் தாழ்வாரக் கோடியில் ஓர் அறை;
சன்னல் உண்டு, விசிறி இல்லை.

பதினான்கு மாதம். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்.
கரும்பு லாரி ஓட்டும் குமரசேன்,
பள்ளிச் சீருடையோடு வந்த நொக்வாண்டா,
இருமும்போதும் காய்கறிப் பையைக் கீழே வைக்காத ஒருத்தி.
பெயர் எண்ணாகி, மூச்சு அலையாகி,
அலை நிறம் நிறமாய்ப் படமாகி
கேப் டவுனில் ஒரு கணினிக்குள் போனார்கள்.

அது கற்றுக்கொண்டது.
தொண்ணூற்று நான்கு விழுக்காடு என்று
சேதி வந்த அன்று கேக் வெட்டினார்கள்.
எக்ஸ்ரே வேண்டாம், சளி வேண்டாம்,
சாலை போகாத மலையூரிலும்
ஒரு கைபேசி போதும் என்றார்கள்.
நானும் இரண்டு துண்டு தின்றேன்.

பிறகுதான் துஷேந்திரன் கூப்பிட்டான்,
நல்ல எண்ணைக் கண்டால் தூக்கம் கெடுகிற பையன்.
"அக்கா, இந்த நாற்பத்தொரு பேர்.
சளியில் கிருமி இருக்கிறது.
கணினி ஒன்றுமில்லை என்கிறது.
தயங்கித் தயங்கி இல்லை, அடித்துச் சொல்கிறது.
தேதிகளைப் படிக்கட்டுமா?"

படிக்க வேண்டியிருக்கவில்லை.
செவ்வாய் பத்திலிருந்து பன்னிரண்டரை,
வியாழன் இரண்டிலிருந்து நாலரை:
மின்வெட்டு அட்டவணை என் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது.
கரண்ட் போனால் விசிறி நிற்கும்.
கதவை அகலத் திறந்துவைத்து
நாங்கள் வேலையைத் தொடர்வோம்.

கரண்ட் இல்லாத நேரமெல்லாம்
எல்லோரும் குணமாகியிருந்தார்கள்.
கரண்ட் வந்ததும் மறுபடி நோயாளிகள்.

இருமலை அது கேட்கவே இல்லை.
பதினான்கு மாதமும் அந்த வளைந்த சிறகைக் கேட்டிருக்கிறது,
பாடத்தை விட்டுவிட்டு
வாத்தியார் செருப்புச் சத்தத்தை மனப்பாடம் செய்த பிள்ளைபோல.
எனக்குக் கோபம் வரவில்லை.
அங்கேயே உட்கார்ந்திருந்த எனக்கு
அந்தச் சத்தம் என்றைக்கோ காதில் விழாமல் போயிருந்தது.

எல்லோரையும் திரும்ப அழைத்தோம். பாதிப் பேர் வந்தார்கள்.
நொக்வாண்டா சதை பிடித்திருந்தாள்;
இருமச் சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது என்றாள்.
குமரசேனின் எண்ணில் அவர் அண்ணன் பேசினார்.
கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு,
"அந்தச் சத்தம் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?" என்றார்.
இருக்கிறது என்றேன்.
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் கொடுக்க விதியில்லை.

இப்போது அறுபத்தெட்டு விழுக்காடு.
கட்டுரையின் வால்பகுதியில் ஒரு வரி:
பதிவிடச் சூழலின் தாக்கத்தை மறுப்பதற்கில்லை.
அந்த வரிக்குள் விசிறியும் இல்லை, குரங்கும் இல்லை.

நேற்று ராத்திரி பிப்ரவரிப் புழுக்கம்.
பக்கத்தில் பூபாலன் இருமினார்.
எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினேன்.
"ஏன் நிறுத்தினே, வேர்க்குது."
சும்மா இருங்கள்.
ஒன்று.
இரண்டு.