ஒன்பதாம் இலக்கம்

கந்தளாயிலிருந்து அழைப்பு வந்தபோது
பாலையூற்றுச் சந்தியில்
சூரை நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.
"அக்கா, நீங்க தந்த குட்டி
பின்னங்காலை இழுக்குது.
எழும்பேக்க கத்துது."
மீனுக்குக் காசு கொடுத்தேன்.
மீனை வாங்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பதினொரு மாதம்.
தகப்பன் உவர்மலையில்,
சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய வீட்டு அல்சேசன்.
தாய் என் பவுனி.
நிறம் பார்த்தேன், குணம் பார்த்தேன்,
காது நிமிர்கிறதா என்று பார்த்தேன்.
இடுப்புக்குள் பார்க்கவில்லை.
பார்க்கவேண்டும் என்று தெரியாது என்றால்
அது பொய்.
தெரியும்.
பேராதனைக்கு வான் கூலி பெரிது.
பவுனிக்குப் பருவம் வந்து பத்தாம் நாள்.
வீட்டுக்குக் கூரைத் தகரம் வேண்டியிருந்தது.

இம்முறை போனோம்,
விடியப்புறம் மூன்று மணிக்கு.
ஹபரணைக் காட்டோரம் இறங்கி
யானை வாசத்தை நெடுநேரம் முகர்ந்தாள்.
டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
குழிக்குள் அமரவேண்டிய எலும்பு
விளிம்பில் குந்தியிருந்தது,
நிறைந்த பஸ்ஸில்
மிதிபலகையில் தொற்றி வருகிறவனைப் போல.
"ஓடுகிறாளே டொக்டர், பந்து எடுக்கிறாளே?"
"நோகும். நீங்க எறியிறதால ஓடுறாள்."

சி.ஆர். கொப்பியில் ஒன்பது பெயர்.
அன்றிரவே எடுக்கத் தொடங்கினேன்.
லிங்கநகர் கிருபாலினி
நான் சொல்லி முடிக்கும்வரை பேசவில்லை,
பிறகு, "படிக்கட்டு ஏறலாமோ?" என்று மட்டும் கேட்டாள்.
சாம்பல்தீவு மாஸ்டர் காசைத் திருப்பிக் கேட்டார்,
நாயையும் வைத்துக்கொள்வாராம்.
கொடுத்தேன்.
இரண்டு பேர் எடுக்கவில்லை, மறுநாள் எடுத்தார்கள்.
நிலாவெளி விடுதிக்காரரிடம்
குட்டி போட விடவேண்டாம் என்றேன்.
சிரித்தார்.
"பிந்திட்டீங்க தங்கச்சி,
வயிறு தெரியுது."

அந்த வயிற்றுக்குள் எத்தனை என்று
எந்தக் கொப்பியில் எழுதுவது?

அடுத்த ஈற்றுக்கு முற்பணம் தந்த மூவருக்கும்
மா ஆலைச் சம்பளத்தில்
மாதம் ஒருவராகத் திருப்பினேன்.
உவர்மலைக்காரர் வாசலில் வைத்தே கத்தினார்,
என் படம் அவர் நாயின் பெயரைக் கெடுக்கிறதாம்.
"உங்கட நாயையும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ" என்றேன்.
கேற் சாத்துப்பட்டது.
பவுனிக்குக் கருப்பை எடுத்தாயிற்று.
தையல் பிரிக்கும்வரை
என்னோடு கோபம், கட்டிலுக்குக் கீழே.

கந்தளாய்ப் பேரின்பன்
ஒரு ஞாயிறு குட்டியோடு வந்தார்,
கொச்சைக் கயிற்றில்.
"திருப்பி எடுப்பன் எண்டனீங்கள்."
ஓம், சொன்னேன்.
விற்கும்போது அது
விலையோடு சேர்த்துச் சொல்லும் வார்த்தையாக இருந்தது.
அவர் மகள் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை.
தட்டும் கம்பளியும் மட்டும்
கையை நீட்டித் தந்தாள்.

பின்னேரங்களில் மைதானத்துப் பக்கம் நடக்கிறோம்,
தாய், பிள்ளை, நான்.
மான்கள் பத்திரிகைத் தாள் மேய்கின்றன.
பிள்ளை பாய்வான்.
நாலாம் பாய்ச்சலில் பின்பக்கம் சரிய
குந்தியிருந்து
தான் விரும்பித்தான் இருந்தது போல
கடலைப் பார்ப்பான்.
மருந்தை வெண்ணெய்க்கட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறேன்.
வெண்ணெய்க்கட்டியைத் தின்று மருந்தைத் துப்புகிறான்.

ஒன்பதாம் இலக்கத்துக்கு எதிரே
முகவரி இல்லை.
நீலக் காரில் வந்தவர்,
பேரம் பேசாமல் முழுக்காசும் எண்ணி வைத்தார்.
பேரம் பேசாதவரிடம்
எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
அந்த எண் இப்போது பாவனையில் இல்லையாம்.
எல்லாவற்றிலும் துடியான பெட்டை அவள்,
முதலில் கண் திறந்தவள்.

மாரி தொடங்கிவிட்டது.
தகரம் புதிது, ஒழுகவில்லை.
இரவெல்லாம் அதன் மேல் மழை.
பகலில்
நீலக் கார் எது கடந்தாலும்
சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறேன்,
பின்சீட்டில் காது தெரிகிறதா என்று.