விருந்தினர் ஒருவர், இரவு இரண்டு

பாத்தூமியில் மழை பெய்யாத நாளை
விரல்விட்டு எண்ணலாம்.
இருபத்தேழாம் மாடி, கதவு எண் பதினான்கு.
சாவி, கைப்பிடியில் தொங்கும் பெட்டிக்குள்.
பெட்டிக்கு நான்கு இலக்கம்.
அந்த நான்கும் தெரிந்தவர்க்கெல்லாம்
இரண்டு நாளைக்கு இது சொந்த வீடு.

எனக்குப் பதினொன்று முதல் மூன்று வரை.

போன தலையின் பள்ளம்
தலையணையில் நிமிரும் முன்பே
வரும் தலைக்கு உறை மாற்றுவேன்.
குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடியைப் பார்த்து
எந்த நாட்டுக்காரர் எனச் சொல்வதாக
எல்குஜாவிடம் பந்தயம் கட்டி
இரண்டு முறை பீர் வென்றிருக்கிறேன்.
மூன்றாம் முறை அது நாயின் முடி.

எல்குஜா மேலாளர்.
அறுபத்திரண்டு வீடு அவன் கைப்பேசிக்குள்.
குடியிருப்பது மாமியார் வீட்டுப் பின்கட்டில்.

இந்த வீடு
எஸ்டோனியாவில் ஒரு பல் மருத்துவருடையது.
மாரிக்கா.
அடித்தளம் தோண்டும் முன்பே வாங்கியவர்:
காகிதத்தில் ஒரு கோபுரம்,
காகிதத்தில் ஒரு கடல்,
நூற்றுக்கு ஒன்பது வருமென்று
காகிதத்தில் ஓர் எண்.
எத்தனை கடைவாய்ப் பல் பிடுங்கினால்
ஒரு சதுர மீட்டர் என்று
தரை துடைத்தபடி ஒருநாள் கணக்குப் போட்டேன்.
பால்கனிக்கு மட்டும் நானூறு பல் வந்தது.

மார்ச் மாதம் ஒரு முன்பதிவு.
விருந்தினர் ஒருவர், இரவு இரண்டு. ஆண் பெயர்.
வந்ததோ ஒரு பெண்,
தரை காயும் முன்பே, குடை சொட்டச் சொட்ட.
மின்பெட்டி எங்கே என்று கேட்காமலே
அலமாரிக்குள் கைவிட்டுத் திறந்தாள்.
ஆனால் விளக்கு சுவிட்சுக்கு
சுவரெல்லாம் தடவினாள்.
வரைபடத்தில் மட்டும் குடியிருந்தவள்.

புரிந்துவிட்டது. சொல்லவில்லை.
தன் வீட்டுக்குத் தானே வாடகை கட்டி,
நடுவில் இருப்பவனுக்குத் தரகும் அழுதுவிட்டு
வந்து நிற்கிறாள்.

சன்னலுக்குப் போனாள்.
எதிரே, போன வருடம் முளைத்த கோபுரம்.
அதற்கும் அடுத்ததற்கும் நடுவே
நாடா அகலத்துக்குக் கருங்கடல்.

"கடல் எங்கே?"
எங்கள் இருவருக்கும் தெரிந்த,
இருவருக்குமே பிடிக்காத ரஷ்ய மொழியில் கேட்டாள்.
"படத்தில் இருக்கிறது" என்றேன்.
குத்தலாகச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

சிரித்தாள். பிறகு,
ஒருமுறை சுத்தம் செய்ய எனக்கு என்ன கூலி என்றாள்.
இருபத்தைந்து லாரி.
அவள் உதடு அசைந்தது,
எதை எதால் வகுத்தாளோ.

நான் ஏன் அந்த அலமாரியை நகர்த்தினேன்,
இன்றும் தெரியவில்லை.
பின்னால் மழைக்காலம் முழுதும் வளர்ந்த பூஞ்சை,
ஆள் உயரத்துக்கு.
சொத்தை தொட்டுப் பழகிய விரலால்
தன் சொத்தைத் தொட்டாள்.
எவ்வளவு ஆழம் என்று பார்ப்பது போல
நகத்தால் லேசாகச் சுரண்டினாள்.
காரை உதிர்ந்தது.

மூன்றாம் நாள் நான் போனபோது
விரிப்பை மடித்துக் கால்மாட்டில் வைத்திருந்தாள்.
யாரும் மடிப்பதில்லை.
பால்கனி நாற்காலி இடது மூலைக்குப் போயிருந்தது.
அங்கே உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்தால்
இன்னும் நாலு விரல் கடல் கிடைக்கும்.
அந்த மூலை எனக்கு
ஒரு வருடமாகத் தெரியும்.

அடுத்த வாரம் எல்குஜா செய்தியைப் படித்துக் காட்டினான்:
பூஞ்சைக்கு வண்ணம் அடிக்கலாம், நாற்பது யூரோ வரை.
வாடகையில் இரண்டு யூரோ குறைக்கவும்.
படம் அப்படியே இருக்கட்டும்.

என் கூலியைப் பற்றி ஏதாவது என்று
மறுபடி ஒருமுறை உருட்டிப் பார்க்கச் சொன்னேன்.
அவ்வளவுதான் என்றான்.

நாற்காலியை நான் பழைய இடத்தில் வைக்கவில்லை.
அடுத்து வந்த குவைத்துக் குடும்பம்
அதில் ஈரத் துண்டு காயப்போட்டது.
மழை. துண்டு காயவில்லை.