விழுந்த பந்து

மின்னசோட்டாவில் ஓர் ஏரிக்கரை ஊர்.
ஆட்டம் முடிய ஒன்பது விநாடி.
ஓரின் ஹாகன் நெஞ்சோடு அணைத்து ஓடிய பந்து
மழையில் மீனாய் எகிறியது.
ஒலிபெருக்கி ஒரே சொல் சொன்னது: ஃபம்பிள்.

பக்கத்து ஊர்ப் பையன் அதன்மேல் குப்புற விழுந்தான்.
விதி அப்படி: நழுவிய பந்து
மேலே விழுந்தவனுக்கு.

நமக்கு இதற்கு நாலைந்து சொல் வேண்டும்.
கை நழுவினால் ஒன்று, இருட்டில் துழாவினால் ஒன்று,
நாக்குக் குழறினால் வேறு, காரியம் சொதப்பினால் வேறு.
ஓரினுக்கு அந்த ஒன்றே போதுமாயிருந்தது.
கடையில் சில்லறை சிதறினால்
பின்னால் நிற்பவர் அதை முணுமுணுப்பார்.
கல்யாணத்தன்று மோதிரம் மூன்றாம் பெஞ்சுக்கடியில் உருள,
பாதிரியார் சிரிப்பை இருமலாக்கினார்.
மார்லிஸ் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் இப்போது நான்காம் மாடியில்.
டாக்டர் சொன்னதற்கு
"சரி" என்றான், பிறகு "நன்றி" என்றான்,
பிறகு வெளியே வந்துவிட்டான்.

மைனஸ் இருபத்தொன்பது. கையுறைக்குள் விரல் விரலாயில்லை.
சாவி பனிக்குள் விழுந்தது.
மண்டியிட்டுத் துழாவுகிறான்.
பக்கத்து வண்டியிலிருந்து ஒருவன் இறங்கி
கேட்காமலே மண்டியிடுகிறான்,
நரைத்த தாடி முழுக்க உறைந்த மூச்சு.
எடுத்தது அவன்தான்.

"கெர்மிட் பிரெக்கி. ஞாபகமிருக்கா,
தொண்ணூற்றொன்று, மழை?"
சாவியை ஆட்டுகிறான்.
"விதிப்படி இதுவும் எனக்கு."

ஓரின் சிரிக்கப் பார்க்கிறான்.
வாய்க்குள் ஏதோ நழுவுகிறது.
கெர்மிட் சாவியைத் தரவில்லை.
கதவைத் திறந்து,
"ஏறு" என்கிறான், "நான் ஓட்டுகிறேன்."