ஆறு

வால்டிவியாவில் மழைநாட்களை யாரும் எண்ணுவதில்லை.
நான் எண்ணுகிறேன். பிழைப்பே அதுதான்.
இன்று ஒன்பதாவது நாள்.

திரையில் எர்மிந்தா காத்ரிலெஃப்பின் இடுப்பு,
குறுக்கே அறுத்த அடிமரமாய்.
பக்கத்துக்குப் பக்கம் நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
நடுவே, கர்ப்பப்பை வாயில்,
டாக்டர் சிவப்புக் கோட்டுக்குள் அடைத்துவைத்த அது.
முன்னே மூத்திரப்பை. பின்னே மலக்குடல்.
இடுக்கெல்லாம் சிறுகுடல்.
ஒரு தப்பும் செய்யாத அண்டை வீட்டுக்காரர்கள்.

இயந்திரத்துக்கு மூன்று ஆற்றல்கள் தெரியும்:
ஆறு, பத்து, பதினைந்து.

நான் படித்த காலத்தில்
இடுப்பு என்றாலே பதினைந்துதான்.
தோலை லேசாகத் தொட்டுவிட்டு
ஆழத்தில் போய்க் கொட்டும்.
பருமனான உடம்பென்றால் மறுபேச்சே கிடையாது.
ஆனால் அது தனியாக வராது.
விருந்துக்கு ஒருவனைக் கூப்பிட்டால்
தெருவையே திரட்டிவரும் சொந்தக்காரன்.
இயந்திரத்தின் தலையிலுள்ள டங்ஸ்டனை இடித்து
நியூட்ரான்களைக் கிளப்பிவிடும்.
இலக்கு தெரியாதவை அவை.
கண்ணுக்கு ஒரு சிட்டிகை, தைராய்டுக்கு ஒரு சிட்டிகை,
மார்புக்கு ஒரு சிட்டிகை.
சிட்டிகைதான்.
இருபது வருடம் கழித்து முளைக்கலாம்,
முளைக்காமலும் போகலாம்.

ஆறுக்கு அந்தப் பரிவாரம் இல்லை.
ஆனால் சீக்கிரம் களைத்துவிடும்.
நடுவைத் தொடுமுன்னே
பாதிக்கு மேல் வழியில் சிந்திவிடும்.
சிந்தட்டும் என்று
இயந்திரத்தை அவளைச் சுற்றி முழுவட்டம் சுற்றவிட்டேன்.
எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம்,
எந்தப் பக்கமும் அதிகமில்லாமல்.

மூன்று திட்டம், மூன்று வரைகோடு.
ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தால்
வித்தியாசம்
கோட்டின் தடிமன்.

ரோசமெல் எட்டிப் பார்த்தான்,
ஈரக் கோட்டோடு.
"பத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போ எலியானா.
பத்துல நியூட்ரான் எங்க இருக்கு?"
தப்பில்லை அவன் சொல்வது.
இருக்கிறது, ஆனால் இல்லாத மாதிரி.

போன வாரம் எண்பத்தொரு வயது எவால்டோ ஷூலருக்கு
நான் பதினைந்தைத் தொட்டேன்.
காபி ஆறுவதற்குள் திட்டம் முடிந்தது.
சரியான திட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை.
இன்றுதான் உறைக்கிறது:
அவருக்கு நான் இருபது வருடம் கொடுக்கவே இல்லை.
கேட்காமலே
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எர்மிந்தாவுக்கு வயது நாற்பத்தாறு.
படகுத்துறைச் சந்தையில் கடல்பாசி விற்கிறாள்;
கட்டுக்கட்டாக, தோல்வார் போல முறுக்கி.
முதுகுக்குப் பின்னால் கடற்சிங்கங்கள்
மீன்தலைக்காக உறுமிக்கொண்டிருக்கும்.
ஸ்கேன் அன்று மூன்று டம்ளர் தண்ணீர் கொடுத்து
அடக்கிக்கொண்டு படுக்கச் சொன்னோம்.
"காலம் பூரா தண்ணிக்குப் பக்கத்துலயே நின்னாச்சு,
இப்ப உள்ளயும் வெச்சுக்கணுமா?" என்று சிரித்தாள்.
சிரிக்காதீர்கள், அசைகிறது என்றேன்.

பிழைப்பேனா என்று கேட்கவில்லை.
எரியுமா என்றும் கேட்கவில்லை.
"நவம்பர்ல பாசி அறுப்பு.
இந்த வருசம் முடியாதுன்னா சொல்லிடுங்க.
அடுத்த வருசம் பாறையைத் தங்கச்சிக்கு விட்டுக்கொடுத்தா
அதுக்கடுத்த வருசம் திரும்பக் கேக்கணும்."
வருடங்களை
சில்லறை எண்ணுவதுபோல் எண்ணினாள்,
எல்லாம் பையில் இருக்கிறது என்கிற தைரியத்தில்.

இருபத்தைந்து நாள்.
போகப்போக அவள் மெலிவாள்;
நாற்பத்தொன்று முப்பத்தொன்பதாகும்.
மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு.
எந்தக் கோடு சரியென்று
எந்தக் கோடும் சொல்லப்போவதில்லை.

ரோசமெல் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டான்,
நான் உள்ளே இருப்பதை மறந்து.
திரை வெளிச்சத்தில்
ஆற்றல் என்கிற கட்டத்தில்
ஆறு என்று நிரப்பினேன்.

ஜன்னலுக்கு வெளியே
அதுவும் நிரம்பிக்கொண்டிருந்தது.