தொந்தரவுக்குள்ளாகும் இணை

பள்ளிப்பட்டு, நகரி சாலை, உரக்கடை வேதாசலம்.
புகார்: "என் போன்ல யாரோ தெலுங்குல பேசுறாங்க."
ஊரில் பாதிப்பேர் பேசுவது அதுதானே சார் என்றேன்.
"அதில்லம்மா. நான் பேசும்போதும் பேசுறாங்க.
யூரியாவுக்கு வெல சொல்றதுக்குள்ள
நடுவுல வட்டிக் கணக்கு வந்து விழுது."

சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது
எங்கள் பில்லர் பெட்டி.
கதவைத் திறந்தால் பல்லி முட்டை, எறும்பு,
எண்ணூறு ஜோடி செம்பு.
முந்நூற்றுப் பன்னிரண்டில் டெஸ்ட் போனைக் கொக்கி மாட்டினேன்.

டயல் டோனுக்குப் பின்னால்
அடுத்த வீட்டுத் தாளிப்பு மாதிரி ஒரு குரல்:
"இங்கா நாலுகு ரோஜுலு, கன்னியப்பண்ணா.
நாலுகே."
அவளுக்கும் பின்னால் விசைத்தறி.
"முனெம்மா, போன வாரமும் நாலுதான் கேட்ட."
கேட்பது தெலுங்கு, மறுப்பது தமிழ்.
இருவருக்கும் இரண்டும் தெரியும்.

பயிற்சியில் இதற்குப் பெயர் குறுக்குப்பேச்சு.
வெறும் இரைச்சலென்றால் ஒரு வகை,
சொல் சொல்லாய்க் கேட்டால் இன்னொரு வகை.
புரிவதுதான் பெரிய பழுது என்று எழுதிக்கொண்டோம்.
கசிகிற கம்பிகள் தொந்தரவு செய்யும் இணை.
கேட்கிற கம்பிகள் தொந்தரவுக்குள்ளாகும் இணை.
டெசிபலில் அளக்க வேண்டும்.
தேர்வில் வந்தது. ஐந்து மார்க்.

குழியில் முழங்கால் தண்ணீர்.
எத்திராஜுலு பெயின்ட் டப்பாவால் இறைத்தான்.
ஜாயின்டைப் பிரித்ததும்
கை முழுக்கக் கேபிள் ஜெல்லி.

இரண்டு கம்பிகளை முறுக்கி விடுவது அழகுக்கு அல்ல.
வெளியிலிருந்து வருவது எதுவானாலும்
இரண்டிலும் ஒரே அளவு ஏறி
ஒன்றையொன்று தின்றுவிடும்.
ஜோடி ஜோடியாக இருக்கிறவரை ஊர்ப்பேச்சு உள்ளே வராது.

இங்கே எவனோ, மழையில், டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
நீலத்தின் வெள்ளையை ஆரஞ்சுக்குக் கொடுத்திருக்கிறான்.
வெள்ளை இரண்டும் ஒரே வெள்ளை.
அடுத்த குழியில் வேறு எவனோ
இதைத் திறந்து பார்க்காமல்
அங்கே மாற்றிப் போட்டு நேராக்கிவிட்டான்.
டோன் வந்தது. வீட்டுக்குப் போனார்கள்.
நடுவில் நூற்றெண்பது மீட்டர்
அவரவர் துணை அடுத்தவர் முறுக்கில்.
ஸ்பிளிட் பேர்.
எத்தனை வருஷமோ.

வெட்டுமுன் இன்னொரு முறை காதில் வைத்தேன்.
விதிப்படி சோதனைக்கு மட்டும்.
தறி நின்றிருந்தது.
"அண்ணா?"
"லைன்லதான் இருக்கேன்."
அவர் மூச்சை இழுத்தார், ஏதோ சொல்ல.
"மேடம், கட் பண்ணட்டா?"
பண்ணு என்றேன்.
ஏன் அப்போது என்று கேட்காதீர்கள்,
தண்ணீர் மறுபடி ஊறிக்கொண்டிருந்தது.

எட்டு நிமிட வேலை.
அடுத்த குழிக்கு அன்று மெதுவாகத்தான் நடந்தோம்.
எத்திராஜுலு கரும்புச்சாறு வாங்கித் தந்தான்,
இஞ்சி அதிகம்.

ஆரஞ்சைச் சீவும்போது சுரீரென்றது.
எழுபத்தைந்து வோல்ட். ரிங் கரன்ட்.
முனெம்மாவின் எண்ணை யாரோ அழைக்கிறார்கள்.
முனை இன்னும் சேரவில்லை.
அந்த அழைப்பு என் இரண்டு விரல்களில் அடித்து
நின்று
அடித்து
நின்று
பிறகு வரவில்லை.

மாலை நாலுக்குள் இரண்டு வெள்ளைகளும் வீடு திரும்பின.
முந்நூற்றுப் பன்னிரண்டில் டோன் மட்டும்,
கழுவி வைத்த தட்டு போல.
காரணம் என்ற கட்டத்தில் காரணம் எழுதினேன்.

கடைக்குப் போன் போட்டேன்.
சார், இப்போ எப்படி?
"சுத்தமா இருக்கும்மா. ஒண்ணுமே கேக்கல."
கல்லாப் பெட்டி மூடுகிற சத்தம்.
"ஏம்மா,
அந்தப் பொம்பளைக்குக் கன்னியப்பன்
நாள் குடுத்தானா?"

லைன் கிளியர் சார் என்றேன்.