அறுபது ஜிபி தரிசு

கோபன்ஹேகனிலிருந்து இரண்டு எஸ்எஸ்டி வந்தன,
காற்று அடங்கக் காத்துக் கிடந்த கப்பலில்,
ஒன்பது நாள் தாமதமாக.
ஒவ்வொன்றும் நானூற்றெண்பது ஜிபி.
கையில் எடுத்தால் கையே தெரியாத கனம்.
கிளாக்ஸ்விக் மீன் ஏல அலுவலகத்தின் பின்னறையில்
சர்வர் வாயைப் பிளந்து கிடக்கிறது.

கணக்கர் ஹானுஸ் விலைச்சீட்டை விடவில்லை.
"பாதி விலைக்கு வேறு இருந்ததே?"
இருந்தது. அதில் இந்த மின்தேக்கி வரிசை இல்லை.
மின்சாரம் போனபின்னும்
கடைசி வாக்கியத்தை முடிக்கிற அளவு மூச்சு
இதற்கு உண்டு என்றேன்.
"வாக்கியமா?"
எடைச்சீட்டு என்று திருத்தினேன்.
விலைச்சீட்டு பைக்குள் போனது.

பாகம் பிரிக்க உட்கார்ந்தேன்.
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு செக்டர் தள்ளி
முதல் எல்லைக்கல்.
கல் ஒரு விரல் கோணினாலும்
எழுதும் ஒவ்வொரு எழுத்தும்
இரண்டு வயலை மிதிக்கும்.
ஒரு ஜிபி, கண் விழிக்க.
முப்பத்திரண்டு, எழுந்து நடக்க.
பதினாறு, லாகுக்கு.
முந்நூற்றெழுபத்தொன்று கேஷுக்கு;
அதற்கு மட்டும் இரட்டை கிடையாது,
போனால் போகட்டும்,
மறுநாள் கேட்பதைக் கேட்டு மறுபடி நிரம்பிக்கொள்ளும்.

லாக் அப்படியில்லை.
இரண்டு டிஸ்கிலும் ஒரே சொல், ஒரே நொடியில்.
எழுதிக்கொண்டே இருக்கும்,
யாரும் படிக்கமாட்டார்கள்.
யாரேனும் படிக்கிற நாள்
ஏதோ உடைந்த நாள்.

ஹானுஸ் காகிதத்தில் கூட்டிப் பார்த்தார்.
"நானூற்றிருபதுதான் வருகிறது. அறுபது எங்கே?"
காலி.
"யாருக்கு?"
யாருக்கும் இல்லை. அழித்து அழித்து எழுதியதில்
அலுத்துப்போன அணுவறைகளை
டிஸ்க் தானே இடம் மாற்றிக்கொள்ள.
துறை முழுக்கப் படகு நின்றால்
ஒரு படகையாவது நகர்த்த முடியுமா, சொல்லுங்கள்.
"துறையில் காலியிடத்துக்கும்
நான் வாடகை வாங்குவேன்" என்றார்.

கடைசியில் ஒரே ஓர் எழுத்து, டபிள்யூ.
அதை அழுத்தும்வரை
திரையில் போட்ட கோடெல்லாம் தண்ணீரில் போட்டது.
அழுத்தினால் பழையது எதுவும் இருந்ததாகவே இராது.
பக்கத்துத் தட்டில்தான் ஆறு வருட ஏலம் இருக்கிறது.
பெயர்கள் ஓரெழுத்துதான் வேறு.
டார்ச்சைப் பிடித்து வரிசை எண்ணைப் படிக்கச் சொன்னேன்.
ஹானுஸ் ஏலம் விடுகிற குரலில் படித்தார்:
"ஏழு! பூஜ்யம்! நான்கு!"
சரி.
என் விரலுக்குத்தான்
சொல்லி முடிக்க நேரமானது.

பிப்ரவரியில், விடிய மூன்று மணி இருக்கையில்,
லோமுர் படகு மீன் இறக்கிக்கொண்டிருந்தபோது
மலைமேல் கம்பி அறுந்தது.
புது பேட்டரி கேட்டு நான் எழுதிய மூன்று மனுக்கள்
ஹானுஸின் மேசையில் பத்திரமாக இருந்தன.
பழையது நான்கு நிமிடம் பிடித்தது.

காலையில் சர்வர் எழுந்து,
முதன்முறையாகத் தன் லாகைத் தானே படித்தது.
பதினோரு எடைச்சீட்டு.
கடைசியாக, காட் மீன், இருநூற்றுப் பதினான்கு கிலோ.
ஒரு கிராம் சிந்தவில்லை.

தலைமைப் படகோட்டி சுன்வோர்
ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்து சொன்னாள்:
"பன்னிரண்டு."
பன்னிரண்டாவது பெட்டி
விளக்கு அணைந்தபின் தூக்குத்தராசில் நிறுத்தது.
நூற்றுத் தொண்ணூறு.
பார்த்தது அவளும் இருட்டும்.

ஹானுஸ் வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடினார்.
பிறகு நூற்றுத் தொண்ணூறு என்றே எழுதினார்.
அவள் போனதும் என் பக்கம் குனிந்து,
"அந்த அறுபதில் போய்த்
தங்கியிருக்குமோ?"

இல்லை, அங்கே ஒன்றுமே கிடையாது என்றேன்.
தலையாட்டினார்.
ஆனாலும் கோட்டை மாட்டுகிறவரை
அந்தப் பச்சை விளக்கையே
பார்த்துக்கொண்டிருந்தார்.